பாலம் வந்த பின் துறையடி: கொட்டியாரக் குடாவின் பழைய ஆற்றங்கரையை எழுதுவதும் எழுப்புவதும்

திருகோணமலையிலிருந்து கிண்ணியா வழியாக மூதூருக்குச் செல்லும் பேருந்து இன்று கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்னும் நான்கு பாலங்களைக் கடக்கிறது. அந்த நான்கு இடங்களிலும் முன்பு பாதைகள் ஓடின. கிழக்கு மாகாணத்தில் பாதை என்றால் தெரு மட்டுமன்று. மனிதரையும் மாட்டுவண்டியையும் பின்னாளில் பேருந்தையும் சுமந்து அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த அகன்ற மிதவைக்கும் அதுவே பெயர். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அப்போது நாட்டிலேயே மிக நீண்ட பாலம் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. நோயாளியைக் கொண்டுசெல்லப் பாதைக்காகக் காத்திருந்து உயிரை இழந்த குடும்பங்கள் உள்ள ஊர்களில், பாலத்தைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆயினும் பாலம் வந்த நாளிலிருந்து, பாதை வந்தணைந்த துறையடிக்கு வேலை இல்லாமற் போயிற்று என்பதும் உண்மை. தேநீர்க்கடை தெருவோரத்துக்கு இடம்பெயர்ந்தது. இறங்குதுறையின் கற்கள் பெயர்ந்தன. குப்பை வந்து சேர்ந்தது.

அவ்வாறு கைவிடப்பட்ட ஒரு துறையடியின் வரலாற்றைத் திரட்டி, அந்த இடத்தை மீண்டும் மக்கள் புழங்கும் இடமாக்க விரும்பும் ஓர் இளைஞர் கழகமோ, பாடசாலையோ, பள்ளிவாசல் அல்லது கோயில் பரிபாலன சபையோ எவ்வாறு தொடங்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். திருகோணமலைக்குத் தெற்கே மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவை மனத்தில் வைத்தே எழுதினாலும், ஆறும் கடலும் கூடும் எந்தச் சிற்றூருக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு துறையடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

குடா முழுவதையும் மீட்கப் புறப்படுவோர் எதையும் மீட்பதில்லை. ஓர் இறங்குதுறையையும் அதன் இருபுறமும் ஏறத்தாழ 300 மீற்றர் கரையையும் மட்டும் எல்லையாகக் கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு எதையும் துப்புரவு செய்யாதீர்கள், எதையும் நடாதீர்கள், எவரிடமும் வாக்குறுதி கொடுக்காதீர்கள். விடியற்காலையிலும் நண்பகலிலும் பொழுது சாயும் வேளையிலும் அந்தக் கரையில் நடந்து, யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வெறுமையாகக் கிடக்கிறது என்று நீங்கள் எண்ணிய இடத்தில் விடியலில் ஐந்து வள்ளங்கள் கரையேறுவதையும், ஒருவர் வலை பொத்துவதையும், இருவர் அத்தாங்கால் இறால் வடிப்பதையும் அப்போதுதான் காண்பீர்கள். அந்த மனிதர்களே துறையடியின் இன்றைய உரிமையாளர்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அவர்களுடைய பேச்சே முதலில் கேட்கப்பட வேண்டும்.

பிறகு ஒரு பெரிய தாளில் கரையை வரையுங்கள். படிக்கட்டு, வடம் கட்டும் கட்டை, பழைய சுவர், கிணறு, நிழல்மரம், மாரி வெள்ளம் ஏறிய உயரம் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் மிகக் குறைவு. ஆகவே கடலேற்றத்தைவிட மாரியில் ஆற்றில் வரும் வெள்ளமே கரையை உருவாக்குகிறது, உடைக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை தன் நீரையும் மணலையும் கொண்டுவந்து சேர்ப்பது இந்தக் குடாவில்தான். சென்ற மாரியின் வெள்ளக் கோட்டை எந்த வீட்டுச் சுவரில் காணலாம் என்று கேட்டு, அதன் உயரத்தை நாடாவால் அளந்து தாளில் குறித்துவிடுங்கள். பின்னர் எதைக் கட்டினாலும் அந்தக் கோடே உங்களுக்கு அளவுகோல்.

ஊர்ப்பெயர்களையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். உப்பாறு, இறால்குழி, வெள்ளைமணல் ஆகியவை நீரையும் மண்ணையும் நன்கறிந்த மக்கள் இட்ட பெயர்கள். கிண்ணியா என்பதே கரையோரத்தில் அடர்ந்திருந்த கிண்ணை மரத்தால் வந்த பெயர் என்று ஊரார் சொல்வர். அரச வரைபடத்தில் இடம்பெறாத சிறு பெயர்கள், அதாவது ஒரு மேட்டுக்கோ ஒரு மடுவுக்கோ மீனவர் மட்டும் வழங்கும் பெயர்கள், இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் தங்குமா என்பது ஐயமே. அவற்றைத்தான் முதலில் பிடித்து எழுத வேண்டும்.

முதியோரிடம் கேட்கும் முறை

இந்த வேலையில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான பகுதி இதுவே. மிக விரைவில் கைநழுவிப் போவதும் இதுவே. பாதையில் சவள் ஊன்றியவர்கள், கயிறு இழுத்தவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், துறையடியில் கடை வைத்தவர்கள், அக்கரைப் பாடசாலைக்கு நாள்தோறும் கடந்த மாணவர்கள், தயிர்ச் சட்டியும் மீன் கூடையும் சுமந்து கடந்த பெண்கள் என்று ஆறு ஏழு வகையினரைத் தனித்தனியே தேடுங்கள். பாதையை ஓட்டியவரிடம் மட்டும் கேட்டால் பாதையின் வரலாறுதான் கிடைக்கும். துறையடியின் வரலாற்றுக்குக் காத்திருந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

குடாவைச் சுற்றி முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும், மூதூர் கிழக்கில் தம்மை வேடர் வழியினர் என்று கூறும் மக்களும் வாழ்கின்றனர். எல்லோருக்கும் ஒரே ஆறு. நினைவுகள் வேறு வேறு. ஒரே சமூகத்தாரிடம் மட்டும் கேட்டு எழுதப்பட்ட துறையடி வரலாறு, எவ்வளவு அழகாக எழுதப்பட்டாலும், பாதி வரலாறுதான். கேட்கப் போகிறவர் அந்தந்த வீட்டின் முறைப்படி பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கிண்ணியாவில் சாச்சா, மூத்தம்மா என்றும், கட்டைபறிச்சானில் ஐயா, பெத்தா என்றும் அழைத்துத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் பேச்சு வளரும். நாங்கள் முதன்முறை போனபோது செய்த பிழையைச் சொல்கிறேன். காலையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் ஒளிப்பதிவுக் கருவியோடு கரையில் போய் நின்றோம். எவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு விலையாகும் அரைமணி நேரம் அது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அஸர் தொழுகை முடிந்த வேளையிலோ, கோயில் மாலைப் பூசைக்கு முன்னரோ, ஒலிப்பதிவுக்குக் கைத்தொலைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம்.

முதியோரிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். ஆண்டு கேட்டால் பணிவுக்காக ஏதேனும் ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். அது உங்கள் ஏட்டில் உண்மையாகிவிடும். பதிலாக எல்லோருக்கும் தெரிந்த பேரிடர்களைக் கல்லாக நட்டு, அவற்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1957 டிசம்பர்ப் பெருவெள்ளம், 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி, 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை, 2006 ஓகஸ்ட் மாதம் மூதூரை விட்டு மக்கள் வெளியேறிய நாட்கள் ஆகியன அத்தகைய கற்கள். "சாச்சா, நீங்கள் பாதையில் வேலைக்குச் சேர்ந்தது சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா? அப்போது உங்கள் மூத்த பிள்ளை பிறந்திருந்ததா?" என்று இரண்டு கேள்விகளால் கேட்டால், ஓராண்டு இரண்டாண்டு வேறுபாட்டுக்குள் காலம் தெளிவாகும். ஒரே செய்தியை ஒருவரையொருவர் அறியாத மூவரேனும் சொன்னால் அதை உறுதி என்று எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னால் அவர் கூற்று என்றே எழுத வேண்டும். இந்த ஒழுங்கை ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

"பாதையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கட்டணம் எவ்வளவு, யாருக்குக் கட்டணம் இல்லை, இரவில் அக்கரையிலிருந்து எவ்வாறு கூவி அழைத்தார்கள், மாரியில் எத்தனை நாள் பாதை நின்றது, நின்ற நாட்களில் மையித்தையும் பிணத்தையும் எவ்வாறு கடத்தினார்கள், பேருந்து ஏறும்போது பயணிகள் இறங்கி நின்றார்களா, காத்திருக்கும்போது என்ன வாங்கித் தின்றார்கள் என்று கேளுங்கள். "ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்" என்னும் பழமொழியைச் சொல்லி, பாதையில் அப்படித்தான் இருந்ததா என்று ஒரு மூத்தம்மாவிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், தான் மணமுடித்து வந்த நாளில் பாதை நடுநீரில் நின்றுவிட்டதையும், முன்பின் அறியாத ஒரு தமிழ்ப் பெண் தன் பிள்ளைக்குக் கொண்டுவந்த சோற்றைத் தனக்கு ஊட்டியதையும், அந்தப் பெண்ணின் ஊர் கட்டைபறிச்சான் என்பது தவிர வேறெதுவும் தெரியாமற் போனதையும் சொன்னார். துறையடியில் நிறுத்தப்படும் எந்தப் பலகையிலும் கோட்டைகளின் பெயர்களுக்கு முன் இத்தகைய செய்தி இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பேசியவரின் இசைவை எழுத்தில் பெறுங்கள். போர்க்காலத்தைப் பற்றிய பேச்சுத் தானாக வந்தால் கேளுங்கள், நீங்களாக இழுக்காதீர்கள். பேசியவர் பின்னர் எதையேனும் நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.

ஏடுகளில் தேடுதல்

இந்தக் குடாவுக்கு எழுத்து வரலாறு குறைவன்று. கொட்டியாரம் 17ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கண்டி அரசுக்குக் கடல்வாசலாக விளங்கியது. அதனால்தான் ஐரோப்பியர் ஒருவர் பின் ஒருவராக இங்கே வந்தனர். 1620இல் டென்மார்க்குக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அவர்கள் கொட்டியாரிலும் ஒரு கோட்டை வைத்திருந்தனர். 1672இல் டி லா ஹே தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து குடாவில் தங்கியது.

இவற்றுக்கு நடுவே நிகழ்ந்த ஒன்று மூதூரோடு நேரடியாகத் தொடர்புடையது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கரையில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் பொருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரும் அவர் மகன் ரொபட் நொக்ஸும் வேறு சிலரும் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679இல் தப்பி, மன்னார்ப் பகுதியின் அரிப்பு என்னும் ஊரில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். அவர் 1681இல் வெளியிட்ட நூலே இலங்கையின் அக்கால வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் விரிவான நூல். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடம் என்று ஒரு புளியமரத்தைச் சுட்டிவந்தனர். அந்த நிகழ்ச்சியை உங்கள் வரலாற்றில் சேர்க்கும்போது, வெள்ளையன் அகப்பட்ட கதையாக மட்டும் எழுதாதீர்கள். இழந்த பாய்மரத்துக்கு ஈடான மரமும், அதைச் செதுக்கிப் பொருத்தத் தக்க அமைதியான கரையும் இங்கே கிடைக்கும் என்பது தொலைவில் இந்தியக் கரையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. கப்பற்காரர் நம்பிய கரை இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கிண்ணியாவைப் பற்றி எழுதுவோர் தம்பலகாமக் குடாவை மறக்கக் கூடாது. கண்ணாடிபோல் மெலிந்த தட்டையான ஓடுடைய சிப்பி அந்தக் குடாவில் விளைந்தது. அதிலிருந்து எடுத்த சிறு முத்துகளுக்காக ஆங்கிலேய அரசு அந்தக் குடாவைக் குத்தகைக்கு விட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலாட் அந்தச் சிப்பியை ஆராய்ந்து எழுதினார். மன்னார் முத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த நம் பிள்ளைகளுக்குத் தம்பலகாம முத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்களும் ஆங்கிலேய அரச அதிபர்களின் நாட்குறிப்புகளும் ஆண்டறிக்கைகளும் உள்ளன. நில அளவைத் திணைக்களத்திடம் பழைய ஒரு அங்குல வரைபடத்தின் திருகோணமலைத் தாளைக் கேட்டுப் பெற்று, உங்கள் கைவரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முகத்துவாரம் எவ்வளவு நகர்ந்துள்ளது என்பதைக் கண்டு வியப்பீர்கள். கொட்டியாரம் என்னும் பெயரை ஐரோப்பியர் கே எழுத்திலும் சீ எழுத்திலும் தொடங்கிப் பலவாறு எழுதினர். தம்பலகாமத்தை இன்னும் பலவாறு சிதைத்தனர். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளூர்ப் பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்கள் ஆகியவற்றை நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்தில் தேடலாம். வீதியும் பாலமும் தொடர்பான கோப்புகளை அரச அலுவலகங்களிடம் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். தகவல் அலுவலர் தம் தீர்மானத்தை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்.

கரையில் கை வைக்கும் முன்

ஆற்றங்கரை எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நம்மவர் எண்ணுகின்றனர். அது பிழை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். கடலோடு கலக்கும் ஆறு, களப்பு முதலியவற்றில், முகத்துவாரத்தின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை அந்த வலயம் நீளும். துறையடிகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். படிக்கட்டுக் கட்டுதல், மண் நிரப்புதல், தடுப்புச்சுவர் எழுப்புதல் ஆகியவற்றுக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நிலம் யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்திலும், உள்ளூராட்சி எல்லையை நகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டு எழுத்தில் பெறுங்கள். பாலத்தின் அணுகுசாலைக்கு அருகிலுள்ள பகுதியாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்க வேண்டியிருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவரை அறியாமல் தொடங்கிய வேலை அவருடைய மேசையிலேயே நின்றுவிடும்.

பழைய கட்டுமானம் ஒன்று 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக இருக்கலாம் என்று சிறிதளவேனும் தோன்றினால், அதைத் தொடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. படம் எடுத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பது கடினம் என்பதை அறிவேன். நன்மனத்தோடு செய்யப்பட்ட துப்புரவுப் பணிகளில் பழைய கற்கள் அத்திவாரத்துக்குப் போன கதைகளையும் அறிவேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு

1815க்குப் பிற்பட்ட இறங்குதுறைச் சுவர்களும் பண்டகசாலைகளும் பெரும்பாலும் கல்லோ செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. உரிய அனுமதியோடு அவற்றைப் பழுதுபார்க்கும்போது சீமெந்து பூசாதீர்கள். உப்புநீரை உறிஞ்சும் சுவர், வெயிலில் அதை வெளியேற்ற வேண்டும். சுண்ணாம்பு அதற்கு வழிவிடும், சீமெந்து வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்பு, உள்ளேயே பளிங்காக விளைந்து கல்லையே பொடியாக்கும். சீமெந்துப் பூச்சு அப்படியே நிற்க, அதற்குப் பின்னால் செங்கல் மாவாகிக் கொட்டிய சுவர்களைத் திருகோணமலையில் எவரும் காணலாம்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குறைந்தது மூன்று மாதங்கள் புளிக்க விடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் என்பது பொதுவான கலவை. கடல்மணலும் உவர்நீரும் கூடாது. பழைய மூட்டுகளில் உதிரும் சாந்தைக் கையால் சுரண்டி எடுத்து, நன்னீர் தெளித்து, புதிய சாந்தை மெல்லிய படைகளாக அழுத்தி வையுங்கள். ஈரச் சாக்கால் மூடிச் சில நாட்கள் நிழலில் உலரவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடாமல் விட்ட சாந்து ஒரே நாளில் வெடித்துவிடும். ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன் ஒருவர் எங்கேயாவது இருப்பார். அவரை வேலையாளாக அன்றி ஆசிரியராக அழைத்து, இரண்டு இளைஞர்களை அவர் கையில் விடுங்கள்.

கண்டல் நடுவதில் நிதானம்

கரை மீட்பு என்றவுடன் எல்லோர் மனத்திலும் எழுவது கண்டல் நடுகை, அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரங்களை நடுவது. கண்ணாக் கன்றுகளோடு மாணவர் வரிசையாக நிற்கும் படம் நன்றாகவே இருக்கும். கன்று பிழைக்குமா என்பதே கேள்வி. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் பரப்பில் கண்டல் நட முயன்றனர். பின்னர் ஆராய்ந்தபோது வெற்றி கண்ட பரப்பு 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதுமே பெரும்பாலும் காரணங்கள்.

ஆகவே நடுவதற்கு முன் ஏன் அங்கே தானாக முளைக்கவில்லை என்று கேளுங்கள். பக்கத்துக் கரையில் கண்ணாவும் கிண்ணையும் தில்லையும் நிற்க, உங்கள் கரையில் மட்டும் இல்லையென்றால், மண் நிரப்பியதால் நீர் வந்துபோகும் வழி அடைபட்டிருக்கலாம். ஆடு மாடு மேயலாம். வள்ளம் இழுக்கும் தடமாக இருக்கலாம். வழியைத் திறந்து, மேய்ச்சலைத் தடுத்தால் விதை தானாக மிதந்துவந்து ஊன்றும். அதற்குமேல் நட வேண்டியிருந்தால் பக்கத்துக் கரையில் அதே நீர்மட்டத்தில் நிற்கும் இனத்தையே நடுங்கள். வள்ளம் கரையேறும் இடத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள். நிழலுக்குக் கரைமேட்டில் பூவரசும் புன்னையும் போதும்.

துறையடிக்கு வேலை தேடுதல்

நம் ஊர்களில் கரை மீட்பு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் அலங்காரம். வர்ணக் கற்கள் பதித்த நடைபாதை, சீமெந்து இருக்கைகள், ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கிய ஒரு சட்டகம், திறப்புவிழாக் கல் ஆகியவற்றோடு அது முடிகிறது. மூன்று மாரிகளில் கற்கள் பெயர்கின்றன. நிழல் இல்லாத இருக்கையில் எவரும் உட்காருவதில்லை. வலை உலர்த்திய இடத்தை இழந்த மீனவர் மட்டும் மனக்கசப்போடு வேறிடம் போகின்றனர். துறையடி என்பது மக்கள் நீரோடு கொண்ட அலுவலால் உண்டான இடம். அலுவல் போனதால் இடம் அழிந்தது. அலுவலைத் திருப்பிக் கொடுத்தால்தான் இடம் பிழைக்கும்.

ஆதலால் உங்களிடம் இருக்கும் சிறிய தொகையை முதலில் மீனவருக்குச் செலவிடுங்கள். வள்ளம் ஏற்ற ஒரு சாய்தளம், மீனை மணலில் கொட்டாமல் ஏலம் விட ஒரு கழுவத்தக்க மேடை, நன்னீர்க் குழாய், வலை பொத்துவதற்கு ஓர் ஓலைக் கொட்டில், கழிவறை ஆகிய ஐந்தும் அமைந்தால் துறையடியில் நாள்தோறும் மனிதர் இருப்பார்கள். மனிதர் இருக்குமிடத்தில் குப்பை குறையும். தேநீர்க்கடை தானாக வரும். மாலையில் குடும்பங்கள் வரும். எங்கே எது அமைய வேண்டும் என்பதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்தில், உங்கள் கைவரைபடத்தைத் தரையில் விரித்து, அவர்கள் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். பெண்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவது அரிதாயின், மட்டி பொறுக்குவோரையும் கருவாடு போடுவோரையும் அவர்களுடைய வீட்டுக் கோடியில் சந்தித்துத் தனியே கேளுங்கள். கழிவறை எங்கே வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லப் போகிறவர்கள் அவர்களே.

கோடைப் பருவத்தில், அதாவது ஏறத்தாழ ஏப்பிரல் முதல் செப்டெம்பர் வரை, திருகோணமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். பழைய பாதை ஓடிய நீரிலேயே அவர்களைச் சிறு படகில் ஏற்றி, முதியோர் சொன்ன கதைகளைச் சொல்லி அழைத்துச் செல்லலாம் என்னும் எண்ணம் உங்களுக்கு எழக்கூடும். நல்ல எண்ணமே. ஆயினும் 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் பலியானதை இந்த ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. உரிய அனுமதி பெற்ற படகு, ஏற்றத்தக்க தொகையை எழுதிய பலகை, பிள்ளைகளின் அளவுக்கும் சேர்த்து உயிர்காப்பு அங்கிகள், மாரிக் காலத்தில் முழுமையான நிறுத்தம் ஆகியவை எழுத்தில் உறுதியாகும் வரை ஒருவரையும் ஏற்றாதீர்கள். பழைய பாதையின் வடிவில் ஒரு மிதவையைச் செய்து ஓட்டிக்காட்டும் ஆசையைக் கைவிடுங்கள். அதன் வடிவத்தைக் கரையில் மரத்தால் செய்து வைத்தால் போதும்.

பலகை எழுதும்போது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே செய்தியை எழுதுங்கள். ஒரு மொழியில் ஒரு வரலாறும் இன்னொரு மொழியில் வேறொரு வரலாறும் எழுதப்பட்ட பலகைகள் இந்த மாவட்டத்தில் செய்த தீங்கு போதும். நூறு சொற்களுக்கு மேல் வேண்டாம். அனுசரணையாளர் பெயரைக் கீழே சிறிதாக இடுங்கள்.

காத்து வைத்தல்

ஒலிப்பதிவுகளை மூன்று இடங்களில் வையுங்கள்: ஒன்று ஊர்ப் பொதுநூலகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே வாழும் நம்பத்தகுந்த ஒருவரிடம், ஒன்று இணையச் சேகரத்தில். ஆழிப்பேரலையின் போது கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. ஆவணம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் என்னாகும் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, இடம், பேசியவரின் இசைவு ஆகியவற்றைக் குரலிலேயே பதிந்துவிடுங்கள். பேசியவரின் குடும்பத்துக்கு ஒரு படியைக் கையில் கொடுங்கள்.

படிக்கட்டின் மேல்தளத்திலும், அக்கரையில் அதற்கு நேர் எதிரேயும் ஒவ்வொரு புள்ளியை வர்ணத்தால் குறித்து, அந்தப் புள்ளிகளில் நின்று ஆண்டுக்கு இருமுறை படம் எடுங்கள். ஒன்று மாரி வெள்ளம் உச்சத்தில் நிற்கும் தை மாதத்தில். மற்றது நீர் வற்றி மணல் தெரியும் ஆவணியில். முதற்படத்தை எந்த வேலையும் தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும். அப்போது கரையில் நிற்பவர்களையும் படத்துக்குள் நிறுத்தி, அவர்கள் பெயர்களை அவர்கள் இசைவோடு பின்புறத்தில் எழுதிவையுங்கள்.